டோக்கியோவிலிருந்து ஒரு நாள் பனிச்சறுக்கு: ரயிலும் கேமராவும்

பனிச்சறுக்கு என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "கார் இல்லாம எப்படிங்க போறது?" என்பதுதான். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் கேட்பார்கள். சென்னையிலிருந்து சுற்றுலா வரத் திட்டம் போடுகிறவர்களும் கேட்பார்கள். கார் இருந்தாலும் ரயிலில் போங்கள் என்பதுதான் என் பதில். காலை ஆறு மணி தாண்டியதும் டோக்கியோ ஸ்டேஷனில் ஷின்கன்சென் அதிவேக ரயிலில் ஏறினால், எட்டு மணிக்கெல்லாம் பனிமலையின் அடிவாரத்தில் நிற்கலாம். நாள் முழுக்கச் சறுக்கிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நேரம் மிச்சமாவதைச் சொல்ல மட்டும் இந்தப் பதிவை எழுதவில்லை. கூட வருகிறவர்கள் சறுக்குவதைப் படம் பிடிப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் உண்டு. அந்தப் படங்களைத் திரும்பி வரும் ரயிலிலேயே, கால் வலி மறையும் முன்னால், ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். காரில் போனால் இது நடக்காது. ஒருவர் வண்டி ஓட்டவேண்டும், மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள், படங்கள் கார்டிலேயே கிடந்து பழசாகும். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் எல்லோருக்கும் கை சும்மா இருக்கிறது. ஒருவர் நன்றாகச் சறுக்கக் கற்றுக்கொள்வதில் அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் அனுபவம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலா யுசாவா. நிகாட்டா மாகாணத்தில் யுசாவா என்ற ஊரில் இருக்கிறது. ஷின்கன்சென் ஸ்டேஷனும் பனிச்சறுக்கு மையமும் ஒரே கட்டடம். டிக்கெட் வாயிலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் லிஃப்ட் டிக்கெட் கவுண்டர், வாடகைக்கு உடையும் ஸ்கீயும் தரும் இடம், லாக்கர், அதற்கு மேலே கம்பிவடத்தில் மலை ஏறும் கொண்டோலா. வெளியே காலே வைக்காமல் மலை ஏறிவிடலாம்.

இது உருவான விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜோயெட்சு ஷின்கன்சென் 1982 நவம்பரில் ஓடத் தொடங்கியது. எச்சிகோ யுசாவா ஸ்டேஷனுக்கு அருகே தண்டவாளப் பராமரிப்பு வண்டிகளை நிறுத்தும் இடம் ஒன்று இருந்தது. அங்கே வரைக்கும் ரயில் பாதை ஏற்கெனவே போட்டாயிற்று, பின்னாலேயே மலை. 1987-இல் ஜப்பானிய தேசிய ரயில்வே தனியார்மயமாகி ஜேஆர் கிழக்கு நிறுவனம் பிறந்தபோது, இங்கேயே ஒரு ஸ்டேஷன் கட்டிப் பின்னால் பனிச்சறுக்கு மையம் வைத்தால் என்ன என்று அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் யோசனை சொன்னார்கள். 1990 டிசம்பர் 20-ஆம் தேதி ஸ்டேஷன் திறந்தது. எச்சிகோ யுசாவாவிலிருந்து காலாவுக்கு 1.8 கிலோமீட்டர்தான். ஷின்கன்சென் வண்டி ஓடினாலும் சட்டக் கணக்கில் அந்தத் துண்டு சாதாரண ஜோயெட்சு பாதையின் கிளை. பனிக்காலத்தில் மட்டும் ரயில் வரும், மற்ற மாதங்களில் ஸ்டேஷன் மூடிக் கிடக்கும். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்காக இல்லாமல், சறுக்க வருகிறவர்களுக்காகவே ஷின்கன்சென் போய் நிற்கும் ஸ்டேஷன்!

அது ஜப்பானில் பனிச்சறுக்கு உச்சத்தில் இருந்த காலம். 1987-இல் வந்த 'வதாஷி ஓ ஸ்கீ நி த்சுரெதெத்தே' என்ற சினிமாவைப் பார்த்துவிட்டு ஒரு தலைமுறையே மலைக்குக் கிளம்பியது. யுசாவாவில் அப்போது எழும்பிய அடுக்குமாடிகள் இன்றும் மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கின்றன. பொருளாதாரக் குமிழி வெடித்த பிறகு விலை சரிந்து, சில வீடுகள் பழைய கார் விலைக்கே விற்பனைக்கு வந்தன. கொண்டோலாவிலிருந்து அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஊர் எவ்வளவு பெரிய கனவைக் கண்டது என்று தோன்றும்.

ரயில் பயணத்துக்கு வருவோம். வண்டியின் பெயர் தனிகவா. அதில்தான் காலா வரை போகலாம். தோகி என்ற வண்டி நிகாட்டாவுக்குப் போவது. அதில் ஏறினால் எச்சிகோ யுசாவாவில் இறங்கி, காலாவுக்கு இலவச பஸ்ஸோ அடுத்த ரயிலோ பிடிக்க வேண்டும். டோக்கியோவிலிருந்து தகாசாகி வரைக்கும் கான்டோ சமவெளி. ஜனவரியில் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி நீல வானம், காய்ந்த வயல், வெயில். இதைப் பார்த்துவிட்டு முதல் முறை வருகிறவர்கள், "இன்னைக்குப் பனியே இருக்காது போல" என்று கவலைப்படுவார்கள். ஜோமோ கோகென் தாண்டியதும் தாய் ஷிமிசு சுரங்கம். 22.2 கிலோமீட்டர். ஐந்தாறு நிமிடம் ஜன்னலில் இருட்டு. மறுபக்கம் வெளியே வந்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளை, கூரைகளில் ஆள் உயரப் பனி.

காரணம் எளிமையானது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் காற்று வறண்டுதான் கிளம்புகிறது. ஜப்பான் கடலில் சுஷிமா வெந்நீரோட்டத்தின் மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. எச்சிகோ மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகையில் அவ்வளவு ஈரத்தையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோ பக்கம் வருவது வெறும் காய்ந்த காற்று. தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைய, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் நாம் காய்கிறோமே, அதே கணக்குதான்.

நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபட்டாவின் 'பனி தேசம்' நாவல் இந்த யுசாவாவில்தான் நடக்கிறது. அவர் காலத்து ரயில் வந்தது 1931-இல் திறந்த பழைய ஷிமிசு சுரங்கம் வழியாக. அந்தச் சுரங்கத்தில் இன்றும் டோக்கியோ பக்கம் போகும் சாதாரண ரயில்கள் ஓடுகின்றன. நாம் போகும் ஷின்கன்சென் சுரங்கம் வேறு. அதைத் தோண்டும்போது மலைக்குள்ளிருந்து பீறிட்ட ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து ரயில் நிலையங்களில் விற்றார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் ஜன்னல் வழியாகக் கவனியுங்கள். நிகாட்டா பக்கத்தில் தண்டவாளத்தின் ஓரமாகக் குழாய்கள் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். விழுகிற பனி விழ விழக் கரைந்து ஓடிவிடும். இவ்வளவு பனி கொட்டும் பாதையில் ஷின்கன்சென் நேரம் தவறாமல் ஓடுவது இதனால்தான். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் 'ஒரே நாளில் போய்வருவது' என்ற யோசனையே நிற்கிறது. சாலையில் அப்படி இல்லை. மாலை இருட்டில், உறைந்த மலைப்பாதையில், நாள் முழுக்கச் சறுக்கிய உடம்போடு வண்டி ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

செலவு? டோக்கியோவிலிருந்து போய்வர ரயிலுக்கு மட்டும் ஏறத்தாழ 13,000 யென் ஆகும். ரயிலும் லிஃப்ட் டிக்கெட்டும் சேர்த்து விற்கும் தொகுப்புகள் சீசனில் உண்டு, தனித்தனியாக வாங்குவதைவிட அவை பெரும்பாலும் மலிவு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஜேஆர் டோக்கியோ வைட் பாஸ் எடுக்கலாம். மூன்று நாள் தொடர்ந்து செல்லும், சீசனில் காலா வரைக்கும் செல்லும். நிக்கோவோ கருயிசாவாவோ போகும் எண்ணமும் இருந்தால் அதுதான் லாபம்.

சாமான் விஷயத்தில் ஒரே அறிவுரை: கையை வீசிக்கொண்டு போங்கள். உடை, பூட்ஸ், ஸ்கீ, ஹெல்மெட் எல்லாமே அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக இருந்தால் நல்லது. சொந்த ஸ்கீ வைத்திருப்பவர்கள் அதை உறை போட்டு ரயிலில் கொண்டு போகலாம். யமாதோ கூரியர் நிறுவனம் 1983-இலிருந்து ஸ்கீக்கென்றே தனிச் சேவை நடத்துகிறது. முன்கூட்டியே அனுப்பிவிட்டால் ஸ்கீ நமக்கு முன்னால் போய்க் காத்திருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மலை மேலே உணவகத்தில் கிடைக்கும் கறி சோற்றில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், சோபா நூடுல்ஸ் சாற்றில் மீன் இருக்கும். டோக்கியோ ஸ்டேஷனிலேயே உமெபோஷி என்ற உப்பில் ஊறிய பழம் வைத்த ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புளிப்பும் உப்புமாக நம் ஊறுகாய்ச் சோறு மாதிரி இறங்கும்.

காலா ஜப்பானின் சிறந்த பனிச்சறுக்கு மலையா? இல்லை. சனி ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். கொண்டோலா நம்மை 800 மீட்டர் உயரத்தில் விடுகிறது, மலையின் உச்சியே 1,181 மீட்டர்தான். மார்ச் வந்துவிட்டால் மதியத்தில் பனி கனத்துக் காலை இழுக்கும். நல்ல பனிதான் முக்கியம் என்றால் எச்சிகோ யுசாவாவில் இறங்கி பஸ் பிடித்து ககுராவுக்குப் போங்கள். உயரம் அதிகம், மே மாதம் வரைக்கும் பனி நிற்கும். கருயிசாவாவுக்கும் டோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக 1997-இல் போட்ட ஷின்கன்சென் பாதை அது. ஆனால் அங்கே பெரும்பாலும் இயந்திரம் செய்த பனி. வெயில் நன்றாக அடிக்கும் இடம் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சரி. அவசரம் இல்லாதவர்கள் சாதாரண ஜோயெட்சு ரயிலில் போனால், பெயரிலேயே பனிச்சறுக்கு மையத்தைச் சுமந்துகொண்டு மலைக்கு எதிரிலேயே நிற்கும் ஜோயெட்சு கொகுசாய் ஸ்கீஜோமாயே ஸ்டேஷன் இருக்கிறது. வழியில் தோஆய் என்றொரு ஸ்டேஷன். நிகாட்டா பக்கம் போகும் ரயிலின் நடைமேடை சுரங்கத்துக்குள்ளே இருக்கிறது, வெளியே வர 486 படி ஏற வேண்டும். ஸ்கீ பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு அதையும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், படம் பிடிக்கப் போகும் நாளுக்கு நான் காலாவைத்தான் சொல்வேன். காரணம் வெளிச்சம். நல்ல பனி பெய்யும் நாளும் நல்ல படம் கிடைக்கும் நாளும் ஒன்றாக வருவது அபூர்வம். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது நிழலே விழாது. மேடு, பள்ளம், சரிவு எதுவும் கண்ணுக்கே தெரியாது, கேமராவுக்கு எங்கே தெரியும்? இரவெல்லாம் பனி பெய்து காலையில் வெளுத்தால் அதுதான் நாள். அப்படி ஒரு நாள் வரப்போவது முந்தின நாள் மாலை வானிலை அறிக்கையில்தான் ஓரளவு உறுதியாகும். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் முதல் ரயிலைப் பிடிக்க முடிகிற மலை வேண்டும். ஹோட்டலுக்கு முன்பணம் கட்டிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இப்போது கேமரா. முதல் முறை படம் பிடிக்கிற எல்லோருக்கும் ஒரே ஏமாற்றம் வரும். மேலே நின்று பார்த்தபோது வயிற்றைக் கலக்கிய சரிவு, படத்தில் கோயில் பிராகாரம் போலச் சமமாகத் தெரியும். கோப்ரோ, இன்ஸ்டா360 போன்ற கேமராக்களின் லென்ஸ் மிக அகலமானது. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைத் தள்ளி வைத்துவிடும். அதனால் சரிவும் குறைந்து தெரியும், வேகமும் குறைந்து தெரியும். ஹெல்மெட் உச்சியில் மாட்டினால் இன்னும் மோசம். படம் முழுக்க வெள்ளை, கீழ் ஓரத்தில் இரண்டு ஸ்கீ முனை. பார்க்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் அலுத்துவிடும்.

இதற்கு வழி, கேமராவைத் தாழ்த்துவது. பின்னாலிருந்து தொடர்ந்து படம் பிடிப்பவர் கேமரா மாட்டிய குச்சியைக் கீழ்நோக்கிப் பிடித்து, லென்ஸைப் பனியிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். தரை விரைந்து பின்னால் ஓடுவது தெரியும், முன்னால் போகிறவரின் ஸ்கீ கிளப்பும் பனித்தூள் லென்ஸை நோக்கி வரும், சரிவுக்கும் உயிர் வரும். ஓரத்தில் மரமோ லிஃப்ட் தூணோ படத்துக்குள் வரும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள். செங்குத்தாக நிற்கும் ஒரு பொருள் இருந்தால்தான் தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண் அளந்துகொள்ளும். தொடர்பவர் இருவரில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பனிச்சறுக்கு மலைகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் விதி, முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பின்னால் வருகிறவர் பொறுப்பு என்பது. கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே வருகிறவருக்கும் அது பொருந்தும். ஆகவே திரையைப் பார்க்கவே வேண்டாம். லென்ஸ்தான் அகலமாயிற்றே, குச்சியை முன்னால் போகிறவர் பக்கம் காட்டிக்கொண்டு கண்ணைப் பாதையில் வையுங்கள்.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு நான் மிகவும் நம்புவது, நின்று எடுக்கும் படத்தைத்தான். எடுப்பவர் முன்னால் இறங்கி, சறுக்குப் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். மேட்டுக்குக் கீழே மறைவாக நிற்பது ஆபத்து. நேர் கீழே நின்று மேல்நோக்கி எடுத்தால் மறுபடி சரிவு தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் சரிவின் கோடும் சறுக்குகிறவரின் முதுகுத்தண்டும் ஒன்றாகத் தெரியும். தவறுகள் முக்கால்வாசி அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தில்தான் இருக்கின்றன. செல்போனே போதும், இரண்டு மடங்கு பெரிதாக்கி, நொடிக்கு 60 ஃபிரேமில் வையுங்கள். நாலைந்து திருப்பம் பதிவானால் போதும்.

பனியில் கேமரா ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தான் பார்ப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தைக் கணக்கிடும். எங்கும் வெள்ளையாக இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும், ஆளின் முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். வெண்சமநிலையை வெயிலுக்கு என்று பூட்டிவிட்டால், மேகம் வந்து போகும்போது படம் நீலமும் மஞ்சளுமாக மாறாது.

குளிர் பேட்டரியைத் தின்னும். லித்தியம் பேட்டரியின் உள்ளே நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும், பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே சட்டென்று அணைந்துவிடும். உபரி பேட்டரிகளை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அணைந்துபோனதையும் சூடாக்கினால் பல நேரம் மறுபடி கொஞ்சம் ஓடும். மதியம் சாப்பிட உள்ளே போகும்போது கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸுக்குள் ஈரம் படிந்து அன்றைய பிற்பகல் முழுக்கப் புகைமூட்டமாகத்தான் எடுக்கும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிட்டு உள்ளே போங்கள். ஈரம் பையின் மேல் படியட்டும். இன்னொன்று: 4கே படத்தை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் 10 நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.5 ஜிபி ஆகும். லிஃப்டில் ஏறும்போது நிறுத்திவிடுங்கள்.

பனிச்சறுக்கைப் படம் பிடிப்பது பற்றிப் பேசும்போது யூயிச்சிரோ மியுராவைச் சொல்லாமல் விட மாட்டேன். 1970 மே மாதம் அவர் எவரெஸ்டின் தெற்குக் கணவாயிலிருந்து முதுகில் பாராசூட் கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கினார். வேகத்தைக் குறைக்கத்தான் பாராசூட். அது போதவில்லை. விழுந்து பனிக்கட்டியில் உருண்டு, பெரிய வெடிப்பு ஒன்றுக்குச் சற்று முன்னால் நின்றார். அதைப் படமாக்கி கனடாக்காரர்கள் உருவாக்கிய 'தி மேன் ஹூ ஸ்கீட் டவுன் எவரெஸ்ட்' 1975-ஆம் ஆண்டுக்கான சிறந்த ஆவணப்பட ஆஸ்கர் வாங்கியது. அந்தப் பயணத்தில் ஷெர்பாக்கள் ஆறு பேர் கும்பு பனியருவியில் இறந்துபோனார்கள். சாகசப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். படத்துக்காக யாரும் தன் திறமைக்கு மேலான பாதையில் இறங்கக்கூடாது என்று எங்கள் குழுவில் நான் கண்டிப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜப்பானியர்கள் பனிச்சறுக்கை அணுகும் விதத்தில் எனக்குப் பிடித்தது, வேகத்தைவிட முறைக்குக் கொடுக்கும் மரியாதை. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஃபொன் லெர்ஹ் 1911 ஜனவரி 12 அன்று இதே நிகாட்டா மாகாணத்தின் தகாடாவில், ஒற்றைக் கோலை வைத்துக்கொண்டு ஜப்பானிய வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து தொடங்குகிறது அந்த மரபு. இன்றும் சாதாரண மக்கள் சறுக்கிக் காட்டும் தேர்வில் கலந்துகொண்டு ஐந்தாம் நிலையிலிருந்து முதல் நிலை வரை பட்டயம் வாங்குகிறார்கள். நேரம் அளக்காமல், சறுக்கும் அழகுக்கும் கட்டுப்பாட்டுக்கும் மதிப்பெண் போடும் தேசியப் போட்டியே இருக்கிறது. லிஃப்டில் பக்கத்தில் உட்காரும் அறுபது வயதுக்காரர் தன் போனை எடுத்து, காலையில் மனைவி எடுத்த படத்தில் தன் இடது திருப்பத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் காட்டுவதற்காக எடுத்த படமில்லை அது.

எங்கள் ரயில் பார்வையும் அப்படித்தான். மாலை நாலு மணி வாக்கில் கீழே இறங்கிவிடுவோம். பனி போதிய அளவு இருக்கும் காலத்தில் ஃபால்கன் என்ற 2.5 கிலோமீட்டர் பாதையில் ஸ்டேஷன் வரைக்கும் சறுக்கியே வந்துவிடலாம், கொண்டோலா வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கட்டடத்திலேயே குளிக்க வசதி இருக்கிறது. ஈர உடையைத் திருப்பிக் கொடுத்து, வெந்நீரில் உட்கார்ந்து எழுந்து, ரயிலில் இடம் பிடித்து, முன் இருக்கையின் தட்டை இறக்கி டேப்லெட்டைச் சாய்த்து வைப்போம்.

போன சீசனில் ஒரு மாலை. நண்பன் தன் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"வலது பக்கம் திரும்புறது நல்லாத்தானே இருக்கு. இடது மட்டும் ஏன்டா வழுக்கிட்டுப் போகுது?"

"காலைப் பார்க்காத. இடது கையைப் பாரு."

ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினோம். திருப்பம் தொடங்கும்போது கை இரண்டும் முன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தன. ஸ்கீ பள்ளத்தை நோக்கித் திரும்பும் அந்த நொடியில் இடது கை மெதுவாகப் பின்வாங்கி இடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. கையோடு தோள், தோளோடு முதுகு. உடம்பே மலைப்பக்கம் சாய்ந்து, எடையெல்லாம் உள்பக்க ஸ்கீயில் ஏறியது. அழுத்தம் வேண்டியது வெளிப்பக்கமான வலது ஸ்கீக்கு. அதில் எடை இல்லாததால் பின்முனை விலகி ஓடியது. பனித்தூளும் அதையே காட்டிக்கொடுத்தது. வலது திருப்பத்தில் நடுவிலேயே மெல்லிய விசிறியாகக் கிளம்பிய தூள், இடது திருப்பத்தில் கடைசியில் மட்டும் ஒரு குவியலாகச் சிதறியது.

"இதைத்தானே ஆசிரியர் காலையிலேர்ந்து சொன்னாரு" என்றான். கேட்டது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. தொடை வலி இன்னும் இருக்கும்போதே பார்த்ததால், அந்தத் திருப்பத்தில் உடம்பு எப்படி உணர்ந்தது என்பது அவனுக்கு நினைவிருந்தது. படத்தையும் உணர்வையும் சேர்த்து வைக்க முடிந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த உணர்வு போயிருக்கும், வெறும் படம்தான் மிஞ்சும். திரும்பும் ரயிலை நான் இவ்வளவு முக்கியமாகச் சொல்வது இதற்குத்தான்.

மரியாதை பற்றியும் சொல்லவேண்டும். ஜப்பானில் அடுத்தவர் முகம் தெரியும்படி படத்தை வெளியிடுவதை மக்கள் விரும்புவதில்லை. பதிவேற்றும் முன் முகங்களை மறைத்துவிடுங்கள். குழந்தைகள் பயிற்சி எடுக்கும் இடத்தில் கேமராவை எடுக்கவே வேண்டாம். டிரோன் கொண்டுபோக வேண்டாம், பெரும்பாலான மலைகளில் அனுமதி கிடையாது. நீளக் குச்சியை நடைமேடையில் நீட்டாதீர்கள், மேலே ஓடுவது 25,000 வோல்ட். லிஃப்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் குச்சி மடங்கி இருக்கட்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு வார நாளை எடுங்கள். முதல் தடவை என்றால் காலையில் பயிற்சி வகுப்பில் சேருங்கள், மதியத்துக்குப் பிறகு கேமராவை எடுங்கள். இரண்டு பேர் போதும், கேமரா ஒன்று போதும். முதலில் கூட வந்தவரை எடுங்கள், பிறகு அவரிடம் கொடுத்து உங்களை எடுக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது தோகியைவிட, காலாவிலிருந்தே புறப்படும் தனிகவாவைப் பிடியுங்கள். அங்கே கிளம்பும் வண்டி என்பதால் முன்பதிவு இல்லாத பெட்டியிலும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கும். காலாவுக்கு ரயில் மே மாதத் தொடக்கம் வரை வரும் என்றாலும் நல்ல பனி மார்ச் நடுவோடு சரி, அதற்கு முன்னால் போய்விடுங்கள்.